பறந்த பல்லை யார் எண்ணுவது?

பல்லுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைக் கரண்ட் பில்லில் தவிர வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை. தெருவுக்கு அவர் பல்லுக்காரர். பல் பிடுங்குகிற ஆள் இல்லை. அது முன்னறையில் உட்கார்ந்திருக்கும் டாக்டரம்மாவின் வேலை. பிடுங்கிய இடத்தில் வைக்கப் பல் செய்து கொடுக்கிறவர் இவர். கிளினிக்குக்குப் பின்னால், ஒருக்களித்து நுழைய வேண்டிய ஓர் அறை. மேஜை மேல் மெழுகு, சின்ன அடுப்பு, பல் ராவுகிற மிஷின். சுவரெல்லாம் பலகை அடித்து, பலகை முழுக்கப் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள். புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அத்தனை வாய்கள் ஒரே அறையில் இருந்து, ஒன்றுகூடப் பேசாவிட்டால் யாருக்குத்தான் பயம் வராது?

மனுஷருக்கு முகம் நினைவில் நிற்காது. எதிரே வருகிறவர் இரண்டு வருஷப் பழக்கமாக இருந்தாலும் திருதிருவென்று முழிப்பார். அவர் வாயைத் திறந்து "சௌக்கியமா?" என்று கேட்டால்தான் இவர் முகம் மலரும். "அடடே, நீங்களா, கீழ் வரிசையில் இடப்பக்கம் கடைவாய்ப் பல்" என்பார். கட்டிய மனைவியையே முதலில் அவளுடைய தெத்துப்பல்லைப் பார்த்துத்தான் பிடித்தது. அதை நேராக்கித் தருகிறேன் என்று டாக்டரம்மா ஆசையாகச் சொன்னபோது, "ஐயோ, அதை மட்டும் தொட்டுடாதீங்க" என்று குறுக்கே விழுந்து தடுத்தார். மனைவி இன்றைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போது அந்தப் பல் தெரியும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இப்பேர்ப்பட்ட ஆள் சினிமாவுக்கு மார்க் போட ஆரம்பித்தால் எப்படிப் போடுவார்? பல்லால்தான் போடுவார்.

எப்போதோ ஒரு படம் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும்படி ஆயிற்று. படம் மகா அறுவை. சலிப்பில் திரும்பி உட்கார்ந்தார். திரை வெளிச்சத்தில் நானூறு வாய்கள். இது பாதி திறந்தது, அது கோணிக்கொண்டது, இன்னொன்று கொட்டாவி விட்டது. அன்றைக்கு உட்கார்ந்தவர்தான், அதற்கப்புறம் எந்தச் சிரிப்புப் படத்துக்குப் போனாலும் முன்வரிசையில் ஓரச் சீட்டு வாங்கி, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். வசனத்தைக் காது கேட்டுக்கொள்ளும். சண்டைக்கு மட்டும் அவ்வப்போது கழுத்தைத் திருப்புவார். படத்தையே பார்க்காமல் படத்துக்கு மார்க் போடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். தெரு என்னவோ ஏற்றுக்கொண்டுவிட்டது.

கணக்கு சுலபம். உதடு மட்டும் பிரிந்தால் இரண்டு பல் படம். மேல்வரிசை முன்பக்கம் தெரிந்தால் ஆறு. கடைவாய் வரை போனால் பன்னிரண்டு. தலை பின்னால் சாய்ந்து, முப்பத்திரண்டும் தெரிந்தால் முழு மார்க். அதை அவர் யாருக்கும் போட்டதில்லை. ஒன்றுமே தெரியாவிட்டால் 'பொக்கை'. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சும்மா கெக்கெக்கே என்று சிரிக்கிறவர்களின் வாயை அவர் கணக்கில் எடுப்பதே இல்லை. அவர்கள் விளம்பரத்துக்கே சிரிப்பார்கள். அரங்கத்திலேயே கடைசியாகத் திறக்கிற வாய் எதுவோ அதுதான் அளவு. "உம்மணாமூஞ்சி சிரிச்சாதான் அது சிரிப்பு" என்பார். தன் சொந்தச் சிநேகிதன் பாட்டெழுதிய படத்துக்கே நாக்கில் பல் படாமல் 'பொக்கை' என்று சொல்லிவிட்டு வந்தவர். சிநேகிதன் இரண்டு மாசம் பேசவில்லை. பொய் மார்க் போட்டால் பொய்ப் பல்லுக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது இவர் நியாயம்.

உம்மணாமூஞ்சி என்றதும் அவருடைய மாமனாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. கடைவீதியில் பூட்டுக்கடை வைத்திருக்கிறார். மனுஷர் வாய்க்கும் சேர்த்து ஒரு பூட்டு போட்டுக்கொண்டவர். "என்ன விலை?" என்று கேட்டால் விரலைக் காட்டுவார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. பெண்டாட்டி இருந்தவரை அவளுக்காவது காட்டினாரோ என்னவோ. போன வருஷம் அவருக்கு மேலும் கீழும் முழுப் பல்செட் கட்டும்படி ஆயிற்று. உங்கள் மாமனார்தானே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா விட்டுவிட்டாள். அங்கேதான் வந்தது வினை. மெழுகில் பல்லை நட்டு வாயில் வைத்துப் பார்க்கும்போது, பேசச் சொல்லிப் பார்க்க வேண்டும், மெல்லச் சொல்லிப் பார்க்க வேண்டும், சிரிக்கச் சொல்லியும் பார்க்க வேண்டும். பேசச் சொன்னார், மெல்லச் சொன்னார். மூன்றாவதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த மாமனாரைப் பார்த்து "சிரிங்க" என்று சொல்ல எந்த மருமகனுக்கு வாய் வரும்? எப்படியும் சிரிக்கப் போவதில்லை என்று விட்டுவிட்டார். செட் கச்சிதமாக உட்கார்ந்தது. இரும்பைக் கடித்தாலும் கழலாது என்று வாக்குக் கொடுத்து அனுப்பினார்.

அந்த மாமனாருக்கு ஒரே ஆண்பிள்ளை. பல்லுக்காரரின் மச்சான். அவன் தொழில் விழுவது. ஆமாம், மாடியிலிருந்தும் ஓடுகிற வண்டியிலிருந்தும் கதாநாயகர்களுக்குப் பதிலாக விழுவது. பூட்டுக்கடையில் உட்காரு என்று அப்பா சொன்ன அன்று வீட்டைவிட்டு விழுந்தடித்து ஓடியவன், அதற்கப்புறம் விழுந்துகொண்டேதான் இருக்கிறான். எந்தப் படத்திலும் அவன் முகம் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும். அப்பனும் பிள்ளையும் பேசி வருஷக்கணக்காயிற்று. தோள் எலும்பு முறிந்து அக்கா வீட்டில் வந்து படுத்திருந்தவனுக்குக் கட்டுப் பிரித்த அன்று கிழவர் வந்து, வாசற்படியில் நின்றபடியே பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் மாப்பிள்ளையைக் கடைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"இவன் ஏதோ படத்துல விழுந்திருக்கானாமே."

ஆமாம் என்றார் பல்லுக்காரர். படத்தின் பெயர் 'விக்கல் வீரன்'. சிரிப்புச் சாகசப் படம். புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிற ஒரு சாது குமாஸ்தா, சோடா குடிக்கும்போது இடி விழுந்து, விக்கல் நிற்காத ஆளாகிவிடுகிறான். ஒவ்வொரு விக்கலுக்கும் பத்தாள் பலம், ஒரே ஒரு நொடிக்கு. விக்கினால் பறப்பான், அடுத்த விக்கல் வரும்வரை விழுவான். முகமூடி போட்டுக்கொண்டு பறப்பதும் விழுவதும் முழுக்க மச்சான்தான்.

கிழவர் ஒரு பூட்டைத் திறந்தார், மூடினார். பிறகு அவர் ஆயுசிலேயே நீளமான பேச்சைப் பேசினார். "நானும் வந்து பாக்குறேன். நீங்க பல்லு எண்ணிச் சொல்லுங்க, உங்க வாக்குல எனக்கு நம்பிக்கை உண்டு. பதினாறு தேறுச்சுன்னா அவன் இஷ்டம். ஒண்ணு குறைஞ்சாலும் திங்கக்கெழமை கடைக்கு வந்து உக்காரணும்."

மச்சானுக்குச் சொன்னபோது அவன் சரி என்றுவிட்டான். எப்போதும் உயரத்திலிருந்து குதிக்கிறவனுக்கு யோசிக்கிற பழக்கம் கிடையாது. அன்று ராத்திரி சாப்பிடும்போது பல்லுக்காரரின் மனைவிதான் யோசித்தாள். பதினாறு என்று சொல்லிவிட்டுப் போங்களேன், யார் வந்து எண்ணிப் பார்க்கப்போகிறார்கள் என்று மெதுவாக ஆரம்பித்தாள். எண்ணாத பல்லைச் சொல்ல மாட்டேன் என்றார். என் தம்பி பூட்டுக்கு நடுவில் உட்கார்ந்தால் செத்தே போவான் என்றாள். எனக்கு மட்டும் ஆசையா என்றார். பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிடுவேன் என்றாள். அது டாக்டரம்மா வேலை என்று சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை பகல் காட்சி. மாமனாரும் மனைவியும் மூன்றாவது வரிசையில், நடைபாதையை ஒட்டி. மச்சான் அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில். பல்லுக்காரர் முன்வரிசை ஓரத்தில் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, வழக்கம்போல அரங்கத்தின் உம்மணாமூஞ்சியைத் தேடினார். வரிசை வரிசையாகப் பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார். சந்தேகமே இல்லை. அன்றைக்கு அந்த அரங்கத்தில் மாமனார் வாயைவிடக் கெட்டியாக மூடிய வாய் வேறெதுவும் கிடையாது. 'செத்தேன்' என்று நினைத்துக்கொண்டார்.

படம் ஆரம்பித்தது. முதல் அரைமணி நேரம் சோறு வேகாத பானைதான். குமாஸ்தாவாக வந்த நடிகர் அழகாக இருந்தார், அதுதான் பிரச்சினை. ஒவ்வொரு நகைச்சுவைக்கும் பிறகு "எப்படி நம்ம ஜோக்கு" என்பதுபோல ஒரு நொடி நின்றார். ஜோக் சொன்னவனே நின்று வேடிக்கை பார்த்தால் யார் சிரிப்பார்கள்? வில்லனோ, தான் எதற்காக ஊரை அழிக்கிறேன் என்று உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். வாய்கள் கொட்டாவிக்குத் திறந்தன.

அப்புறம் முகமூடி வந்தது. முகமூடிக்காரன் ஒரு மொட்டைமாடியில் நின்று மார்பை விரித்து, "அநியாயமே, நில்" என்று கர்ஜித்து, விக்கினான். சிவ்வென்று மேலே போனான். பாதி வழியில் விக்கல் தீர்ந்தது. காற்றிலேயே ஒரு கணம் நின்று, 'ஐயோ' என்று கீழே பார்த்தான். முகம் தெரியாது, ஆனால் தோள்பட்டை மட்டும் அப்படியொரு முழி முழித்தது. ஒரு கடையின் துணிக்கூரை, அடுத்த கடையின் துணிக்கூரை என்று தொபுக்கடீர் தொபுக்கடீரென்று விழுந்து, சலூன் நாற்காலியில் போய்ச் சரியாக உட்கார்ந்தான். சலூன்காரர் கண்ணெடுத்துப் பார்க்காமல் துண்டைப் போர்த்தி, "ஷேவிங்கா, கட்டிங்கா?" என்றார். அரங்கம் அதிர்ந்தது. பல்லுக்காரருக்கு எதிரே ஆறு, எட்டு, பன்னிரண்டு என்று கடைவாய்கள் பளபளத்தன. அவருக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. முகமூடி கழன்றால் வாய் மூடுகிறது, மாட்டினால் வாய் திறக்கிறது. படத்தைத் தூக்கி நிறுத்துகிறவன் மச்சான்தான். பெருமை தாங்கவில்லை அவருக்கு. எழுந்து நின்று அத்தனை வாய்க்கும் சொல்லவேண்டும்போல இருந்தது.

ஆனால் மூன்றாவது வரிசையில் பூட்டு பூட்டாகவே இருந்தது. ஊர் சிரிக்கச் சிரிக்க மாமனாரின் தாடை இறுகியது. கைக்குட்டை வாய்க்குப் போயிற்று. கோபம் என்றுதான் முதலில் நினைத்தார் பல்லுக்காரர். முகமூடிக்காரன் அடுத்த மாடியில் ஏறி நின்றபோது கைக்குட்டை நழுவியது. கிழவரின் உதடு அசைந்தது. வாயையே பார்த்துப் பிழைக்கிறவருக்கு அதைப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

'பாத்துடா' என்றது அந்த உதடு. 'பாத்து. பாத்து.'

நானூறு பேருக்கு அங்கே விழுந்தது விக்கல் வீரன். ஒருத்தருக்கு மட்டும் விழுந்தது பெற்ற பிள்ளை. தோள் எலும்பு எந்தப் படத்தில் முறிந்தது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஒவ்வொரு குதிப்புக்கும் இதில்தானோ, இதில்தானோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த வாய் எப்படிச் சிரிக்கும்? சிரித்தால்தான் அதிசயம்.

இடைவேளையில் விளக்கு எரிந்ததும் பல்லுக்காரர் கடைசி வரிசைக்கு ஓடினார். நகம் கடித்துக்கொண்டிருந்த மச்சானின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "அத்தான், வேணாம் அத்தான்" என்று அவன் முனகினான். பத்து மாடியிலிருந்து குதிக்கிறவன் மூன்றாவது வரிசைக்கு ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துக்கொண்டு வந்தான். மனைவியை எழுப்பி முன்வரிசைக்கு அனுப்பிவிட்டு, அவனை அந்த இடத்தில், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். கிழவர் திரும்பிப் பார்க்கவில்லை. மகனும் பார்க்கவில்லை. இருவரும் விளம்பரத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் பார்த்தார்கள்.

இரண்டாம் பாதியில் ஒரு நூலகச் சண்டை. சத்தம் போட்டால் வில்லனுக்குத் தெரிந்துவிடும். அதனால் விக்கலை அடக்கிக்கொண்டு சண்டை போடவேண்டும். முகமூடிக்காரன் முகமூடி உப்ப மூச்சைப் பிடித்து, அடியாள்களிடம் விரலை உதட்டில் வைத்துக் காட்ட, அவர்களும் மரியாதையாகச் சத்தமில்லாமல் அடி வாங்கினார்கள். நாலாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறினான். விக்கல் தொண்டைவரை வந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் கிழவரின் கை பாய்ந்து பக்கத்துச் சீட்டுக்காரனின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்தது.

முகமூடிக்காரன் விழுந்தான். நாலு மாடிப் புத்தக அலமாரிகளும் கூடவே சரிந்தன. புழுதி அடங்கியது. புத்தகக் குவியலுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து, பக்கம் புரட்டியது.

கிழவர் திரையைப் பார்த்தார். திரும்பிப் பக்கத்தில் பார்த்தார். அங்கே விழுந்தவன் இங்கே முழுசாக, நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். மறுபடி திரையைப் பார்த்தார். மறுபடி பக்கத்தில். கை பிடியை விடவில்லை. முதலில் தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. அடக்கியதில் விக்கல் வந்துவிட்டது, நிஜ விக்கல். அதைக் கேட்டு மகனுக்குச் சிரிப்பு வெடித்தது. மகன் சிரித்ததைப் பார்த்துக் கிழவரின் வாய், அத்தனை வருஷப் பூட்டும் தெறித்து, ஆவென்று திறந்தது.

திறந்ததும், மேல் செட் பறந்தது.

சிரிப்பதற்கு அளவெடுக்காத செட் அல்லவா? அரங்கத்தில் அத்தனை பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டிருந்த ஒரே மனிதர் பல்லுக்காரர். தான் செய்த பல் இரண்டாம் வரிசைத் தலைகளைத் தாண்டித் தன்னை நோக்கிச் சிரித்துக்கொண்டே வருவதை அவர் பார்த்தார். மார்பில் மோதி மடியில் விழுந்தது. துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கிழவர் பல் போனதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மகன் தோளில் சாய்ந்து, கண்ணில் நீர் வழிய, விக்கலும் சிரிப்புமாகக் கடைசிக் காட்சிவரை குலுங்கிக்கொண்டிருந்தார்.

படம் விட்டு நாலு பேரும் அரங்கத்தின் படியில் வந்து நின்றார்கள். தெருக்காரர்கள் சிலர் தீர்ப்புக்காகச் சூழ்ந்துகொண்டார்கள். பல்லுக்காரர் தொண்டையைச் செருமினார். வசனத்துக்குப் பொக்கை என்றார். வில்லனுக்கு இரண்டு, அதுவும் பால்பல். முகம் தெரிந்த கதாநாயகருக்கு நாலு. முகம் தெரியாத கதாநாயகனால்தான் படம் நின்றது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் கடைசி வாய்தானே அளவு? மேல் செட் பையில் இருக்கிறது. வாயில் தெரிந்தது கீழ்வரிசை மட்டும்.

"கடைசி வாய்ல நான் எண்ணுனது பதினாலு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

பதினாறுக்கு இரண்டு குறைவு. மச்சான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். மனைவி வாய்விட்டே அழுதுவிட்டாள். பல்லுக்காரருக்குத் தன் நாக்கையே கடித்துத் துப்பிவிடலாமா என்றிருந்தது.

பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். கிழவருக்குப் பல் போன பிறகுதான் சொல் வந்தது. குழறலாகத்தான் வந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"மாப்பிள்ளை. பறந்த பல்ல யாரு எண்ணுவா?"

பல்லுக்காரர் நிமிர்ந்தார். வாயில் தெரிகிற பல்தான் கணக்கு என்று இழுத்தார்.

"அது பறந்தப்ப நீங்க பாத்தீங்களா, இல்லியா?"

"பாத்தேன் மாமா."

"எதனால பறந்துச்சு?"

"சிரிச்சதால."

"அப்போ எடுத்து எண்ணுங்க" என்றார் பூட்டுக்கடைக்காரர். விலைக்குக்கூட விரலைத்தான் காட்டுகிற மனுஷர், அரங்கத்துப் படியில் நின்று பிள்ளைக்காக வழக்காடினார். பல்லுக்காரர் பையிலிருந்து செட்டை எடுத்து, சூரிய வெளிச்சத்தில் பிடித்து, எல்லோருக்கும் கேட்க எண்ணினார். மேலே பதினாலு, கீழே பதினாலு. இருபத்தெட்டு. அவர் ஆயுசில் போட்ட உச்ச மார்க். மிச்சம் நாலு எங்கே என்று யாரோ கேட்டார்கள். அது அறிவுப் பல், அதை யாரும் செட்டில் கேட்பதில்லை என்றார்.

திங்கட்கிழமை பூட்டுக்கடை திறக்கவில்லை. கிழவர் பின்னறைப் பெஞ்சில், புது மெழுகுச் செட்டை வாயில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பிளாஸ்டர் தாடைகள் வேடிக்கை பார்த்தன. மச்சான் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பல்லுக்காரர் பேசச் சொன்னார், மெல்லச் சொன்னார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, போன வருஷமே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னார்.

"சிரிங்க மாமா."

கிழவர் முயன்றார். உதடு பிரிந்தது, கோணியது, மூடிக்கொண்டது. சும்மா உட்கார்ந்துகொண்டு எப்படிச் சிரிப்பது என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அப்புறம், வெட்கத்தோடு, ஸ்டூல் பக்கம் திரும்பினார்.

"டேய்" என்றார். "ஒரு தடவ விழு."